அல்போன்சாவுல கள்ளு வாடை அடிக்குது, குழந்தைக்குத் தரலாமா?

காவேரிப்பட்டணம் மருமகள்:
வணக்கம்ங்க. மாமனார் தோட்டத்துல இருந்து ரெண்டு கிரேட் மாம்பழம் வந்துச்சு, அல்போன்சா ஒண்ணு, பெங்களூரா ஒண்ணு. எலிக்குப் பயந்து அல்போன்சாவ மட்டும் பிளாஸ்டிக் டிரம்முல வைக்கோல் போட்டு இறுக்கி மூடி வெச்சேன். பழுக்க வெக்கற கார்பைடு கல்லு கில்லு எதுவும் வைக்கல. 5 நாள் கழிச்சு இன்னிக்குத் திறந்தா குப்புனு கள்ளுக்கடை வாடை! தோல்ல ஒரு புள்ளி கூட இல்ல. மூணு அறுத்தேன். ஒண்ணு நாக்குல சுறுசுறுங்குது. இன்னொண்ணுல கொட்டையச் சுத்தி வெளுப்பா பஞ்சு மாதிரி, ஒரே புளிப்பு. மூணாவது தேனாட்டம் இருக்கு. "கனிஞ்ச வாசம்தான், சாப்பிடு"ங்கறாங்க மாமியார். பையனுக்கு 2 வயசு.

சந்தூர் தோட்டக்காரன்:
டிரம்ம மூடினதுதான் வினைம்மா. பறிச்ச பிறகும் பழம் மூச்சு விட்டுட்டுத்தான் இருக்கும். காத்தே இல்லாம அடைச்சா அதோட சர்க்கரையே உள்ளுக்குள்ள சாராயமா மாறும். ஈஸ்டும் சேர்ந்துட்டா கார்பன் டை ஆக்சைடு வேற வரும், அதான் அந்த சுறுசுறுப்பு. சோடாவுல இருக்கறதும் அதே வாயுதான்.

பஞ்சு விழுந்தது வேற சங்கதி. அது நொதிச்சுப் புளிச்சதில்ல, அல்போன்சாவோட பிறவிக் கோளாறு. மரத்துலயே ரொம்ப முத்தவிட்டாலோ, பறிச்சு சூடான தரையில வெயில்ல போட்டாலோ அதிகமா வரும். அறுக்கற வரைக்கும் வெளிய தெரியாது. எங்க தோட்டத்துல பறிச்ச கையோட நிழலுக்குக் கொண்டு போயிடுவோம்.

பர்கூர் பழக்கடை:
தோல மட்டும் பாக்காதீங்க அக்கா, காம்புக் குழிய மோந்து பாருங்க. நல்ல பழம்னா அங்கதான் வாசம் தூக்கும். கெட்டுதுன்னா புளிச்ச மாவு வாடை, இல்லன்னா சாராய நெடி. குழியில ரசம் கசிஞ்சு பொடி ஈ மொய்ச்சா சந்தேகமே வேண்டாம். காம்புல இருந்து கீழ கருப்பு இறங்குனா அது அழுகல். ஊசி குத்துன மாதிரி புள்ளி, சுத்தி கொழகொழன்னா உள்ள புழு இருக்கும். தோல் சுருங்கினது மட்டும் கெட்டதில்ல, தண்ணி வத்தியிருக்கும், அவ்வளவுதான். அதைத்தான் கடையில பாதிப் பேரு ஒதுக்கறாங்க.

காவேரிப்பட்டணம் மருமகள்:
நன்றிங்க. போன வாரம் பெங்களூரா கூழ் அடிச்சு ஃபிரிட்ஜுல வெச்சேன். மூடி உப்பியிருக்கு, திறந்தா "டப்"புனு சத்தம். கொதிக்க வெச்சு ஜாம் ஆக்கிடலாமா?

தர்மபுரி அத்தை:
வேண்டாம் கண்ணு, கொட்டிடு. கொதிச்சா நெடி போகும், பூஞ்சை விட்ட நஞ்சு எல்லாம் போயிடாது. பூஞ்சை பிடிச்ச பழத்தையும் அந்த இடத்த மட்டும் சீவிட்டு சாப்பிடாத, மெத்துனு இருக்கற பழத்துல வேரு கண்ணுக்குத் தெரியாம உள்ள ஓடியிருக்கும். லேசா நெடி ஏறின பழத்த ஒரு துண்டு தின்னா பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆயிடாது. புள்ளைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

காவேரிப்பட்டணம் மருமகள்:
சரிங்க அத்தை. ஒதுக்கினத மாட்டுக்குப் போடலாமா?

சந்தூர் தோட்டக்காரன்:
கூடை கூடையா போட்டுடாதம்மா. அவ்வளவு சர்க்கரை ஒரே நேரத்துல போனா மாட்டு வயித்துல அமிலம் ஏறி, தீனி எடுக்காம படுத்துடும். எருக்குழியில கொட்டி மேல மண்ணு போடு. மிச்சத்த டிரம்முல இருந்து எடுத்து தரையில வைக்கோல் பரப்பி ஒரே அடுக்கா வை. எலிக்கு மேல கம்பி வலை போட்டுக்க.

காவேரிப்பட்டணம் மருமகள்:
எல்லாத்தையும் பிரிச்சாச்சு அண்ணா. 42 பழத்துல 17 எருக்குழிக்குப் போச்சு. மாமியார் இப்ப பெங்களூரா கிரேட்டுக்கிட்ட உக்காந்து ஒவ்வொண்ணா காம்ப மோந்துட்டு இருக்காங்க.