கதோட்டு கண்முன்னே நிறம் மாறியதைக் கண்டவர்கள் சொல்லுங்கள்: நீரில் ஓடும் சோடியம் மின்கலம்

வாவிமகள், வந்தாறுமூலை

எங்கள் கதோட்டு, அதாவது கலத்தின் நேர்முனை, பிரசியன் நீலம்: இரும்பும் சயனைட்டும் சேர்ந்த நீல நிறமி. அதைச் செய்யும் முறை இங்கே எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன். காபன் துணியில் பூசி, சோடியம் சல்பேற்றுக் கரைசலில் வைத்த கலம். எதிர்ப்பக்கம், அதாவது மறைமுனை, வெறும் காபன். முந்தைய குழு அதை மின்னேற்றத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தது, திறந்தது நான்.

இரண்டுக்கும் நடுவில் வைத்த கண்ணாடி நார்த்தாள் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தது. மெல்ல உரித்தால், கதோட்டின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்த முகத்தில் நீலமே இல்லை. முழுக்கத் துரு நிறம். ஓரத்தில் மட்டும் நகமளவுக்கு நீலம் மிஞ்சியிருந்தது. என் விரலில் பட்ட நீலக் கறையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அதுவும் நுரைக்குள்ளேயே மஞ்சளாகி, பிறகு பழுப்பாகியது. அப்போதுதான் விளங்கியது: சவர்க்காரத்தில் இருக்கும் காரம் செய்ததைத்தான் கலத்துக்குள்ளும் காரம் செய்திருக்கிறது. காபன் பக்கம் ஏற்றம் அளவு மீறினால் நீர் உடைந்து ஐதரசன் வெளியேறும், ஐதரொட்சைட்டு மிஞ்சும். அது வந்து நீலத்தை இரும்பு ஐதரொட்சைட்டாக்கிவிடுகிறது. கதோட்டைத் தேடித் தேடிப் படிக்கிறோம், அதைக் கொல்வது எதிர்ப்பக்கம் என்று யாரும் முதலிலேயே சொல்வதில்லையே?

கல்லடிக்காரன்

தங்கச்சி, நிறம் மாறினால் பழுது என்று எடுக்கக் கூடாது. பிரசியன் நீலத்தை ஏற்றினால் பச்சை, நன்றாக இறக்கினால் வெள்ளை. நான் பார்த்த கலத்தில் பச்சையாகி, திரும்ப நீலத்துக்கு வந்தது. அது நாலு பேர் கூடி நின்று பார்த்த காட்சி, இன்னும் கண்ணில் நிற்கிறது. பச்சை உங்களுக்குப் பழுப்பாகத் தெரிந்திருக்கும், மங்கிய வெளிச்சம் வேறு.

வாவிமகள்

பச்சைக்கும் துருவுக்கும் வித்தியாசம் தெரியும் அண்ணா. பச்சை என்றால் இறக்கும்போது நீலம் திரும்ப வந்திருக்கும். இது வரவில்லை. துணியைக் காய்ச்சி வடித்த நீரில் அலசினேன், தூளாக உதிர்ந்தது.

ரீச்சர், களுவாஞ்சிக்குடி

இது என் மாணவனின் கதை. பாடசாலைக் கண்காட்சிக்குப் பழைய டோர்ச் பற்றரியை உடைத்துக் கறுப்புத் தூளை எடுத்திருந்தான். மின்பகுபொருளாக ஒரு போத்தல் வாவித் தண்ணீர். உப்பில் சோடியம் இருக்கிறதுதானே மிஸ் என்று கேட்டான். கேள்வி நியாயம்தான். இணைத்து ஏற்றிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் மேசையைச் சுற்றி நின்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்கு மருந்து போடும்போது வருகிற அதே மணம். உடனே இணைப்பைக் கழற்றி, யன்னல்களைத் திறந்துவிட்டேன்.

குளோரைட்டு கதோட்டுப் பக்கம் குளோரீனாகிவிட்டது. கணக்குப்படி நீரிலிருந்து ஒட்சிசன் வருவதுதான் இலகு, ஆனால் அது மந்தமாக நடக்கும் வினை, குளோரீன் முந்திக்கொள்கிறது. போதாததற்கு மின்னை எடுத்துச்செல்லும் உருக்கு வலையையும் குளோரைட்டு அரிக்கும். அதனால்தான் ஆய்வுகளில் சோடியம் சல்பேற்று. இன்னொன்று, வாவித் தண்ணீரின் உப்பு மாரிக்கு ஒரு அளவு, கோடைக்கு ஒரு அளவு, முகத்துவாரம் திறந்தால் வேறொரு அளவு. அந்தப் பிள்ளை இன்னும் என்னிடம் வந்து, சல்பேற்று வாங்கித் தாங்க மிஸ் என்கிறான். எங்கே வாங்குவது என்றுதான் எனக்கும் தெரியவேண்டும்.

சம்மாந்துறை நானா

யானை வேலிக்குச் சூரியத் தகடும் பற்றரியும் பூட்டித் திரிகிறவன் நான். அம்பாறைப் பக்கம் ஒரு கிராமத்தில் வேலி செத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஈயப் பற்றரியின் மூடியைத் திறந்தால் தகடுகளில் வெள்ளைப் படிவு, அமிலம் பாதிக்குக் கீழே. வயல்காரர் ஒருவர் யானை வெடியைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார். அன்றிலிருந்துதான் இந்த நீர்ப் பற்றரியைப் பற்றித் தேடிப் படிக்கிறேன். தீப்பிடிக்காது, ஈயம் இல்லை, அமிலம் இல்லை. அமெரிக்காவில் அக்வியோன் என்ற கம்பனி மங்கனீசு ஒட்சைட்டுக் கதோட்டு போட்டு விற்றதே, 2017இல் வங்குரோத்தாகும் வரைக்கும். பாரம் கூட என்றார்கள். வேலிக்குப் பாரம் ஒரு பிரச்சினையே இல்லை, நிலத்தில்தானே இருக்கப்போகிறது!

பழைய ஆய்வுகூடம்

என் அனுபவம் சின்னது: மங்கனீசு கதோட்டோடு ஓடிய கலத்தைத் திறந்தபோது எதிர்த்தகட்டில் மங்கனீசு படிந்திருந்தது. மும்மின்னேற்ற மங்கனீசு இரண்டு வகையாக மாறி, ஒரு பங்கு கரைந்துபோகிறது. அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதிய எல்லாருக்கும் சில விசயம் சொல்லவேண்டும். ரீச்சர், டோர்ச் பற்றரித் தூள் இதற்குச் சரிவராது. வேண்டியது சோடியமே உள்ளே இருக்கிற மங்கனீசு ஒட்சைட்டு. மங்கனீசுக்கு 0.44 பங்கு சோடியம் வரும்படி, மங்கனீசு ஒட்சைட்டைச் சோடியம் காபனேற்றோடு 800, 900 பாகைக்குச் சூடாக்கினால் சுரங்கப்பாதை போன்ற கட்டமைப்பு வரும், சோடியம் அதற்குள் போய்வரும். கிராமுக்கு 121 மில்லி அம்பியர் மணி என்பது ஏட்டுக் கணக்கு. நீரில் 45 கிட்ட வந்தாலே நல்லது, ஏனென்றால் நீர் உடையாமல் தாங்கும் இடைவெளி 1.23 வோல்ற்தான்.

தங்கச்சி சொன்னது சரி, கல்லடிக்காரன் சொன்னது இந்தக் கலத்துக்குப் பொருந்தாது. நீலத்தை விட்டு, அதே கூட்டில் நிக்கலும் சேர்ந்த நிக்கல் எக்சாசயனோபெரேற்றுக்குப் போங்கள். 2011இல் ஸ்டான்போர்டில் வெசல்ஸ், ஹக்கின்ஸ், குயி குழு அதைச் சோடியத்தோடு 5,000 சுற்று ஓட்டிக் காட்டியது, கொள்ளளவு குறையவில்லை. அந்தக் கூடு சோடியம் வந்துபோகும்போது விரிந்து சுருங்குவது மிகக் குறைவு. கரைசலைக் கொஞ்சம் அமிலப் பக்கம் வைத்திருங்கள். காபனை எடை கூட்டிப் போடுங்கள், அப்போது அந்தப் பக்கம் ஐதரசன் வரையில் இறங்காது. கரைந்த ஒட்சிசனை நைதரசன் ஊதி வெளியேற்றுங்கள். ஏற்றத்துக்குத் தானாக நிற்கும் வரம்பு கட்டாயம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இவற்றைச் செய்ய எடுக்கும் பெரோசயனைட்டைக் கடும் அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கக் கூடாது. ஐதரசன் சயனைட்டு வரும், ஆளைக் கொன்றுவிடும். நிக்கல் உப்புக்கும் கையுறை வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளிடம் இரண்டையும் கொடுக்கவே வேண்டாம் ரீச்சர்.

வாவிமகள்

காபன் எடையைக் கூட்டி அடுத்த கலம் கட்டுகிறேன். ரீச்சர், எங்களிடம் சோடியம் சல்பேற்று மிச்சம் இருக்கிறது, தம்பியை அனுப்புங்கள். நானா, வேலிக்கு ஒரு இரவுக்கு எத்தனை வோல்ற், எவ்வளவு அம்பியர் மணி வேண்டும் என்று எழுதுங்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் எத்தனை கலம் தொடராகப் போடுவது என்று பார்க்கலாம்.