பொருள்: வட்டச் சமன்பாட்டில் ‘வர்க்கப் பூர்த்தி’க்கு வேறு சொல்

மதுரை ஆசிரியை:
அன்பர்களே, பதினொன்றாம் வகுப்பு வட்டப் பாடத்துக்கான காணொளிக்கு வெள்ளிக்கிழமைக்குள் குரல் பதிவு முடிய வேண்டும். எக்ஸ்² + ஒய்² − 6எக்ஸ் + 4ஒய் − 12 = 0 என்று கொடுத்தால், மையம் (3, −2), ஆரம் 5 என்று மாணவர்கள் சூத்திரத்தில் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். எக்ஸ்² − 6எக்ஸ் என்பதோடு 9-ஐக் கூட்டி (எக்ஸ் − 3)² என்று முழு வர்க்கமாக்குவதுதான் வர்க்கப் பூர்த்தி; ஒய்-க்கும் அப்படியே. ஆனால் இருபுறமும் 9-ஐயும் 4-ஐயும் ஏன் கூட்டுகிறோம் என்றால் பதில் இல்லை. எது பூர்த்தியாகிறது என்பது ‘வர்க்கப் பூர்த்தி’யில் தெரியவில்லையே! ‘சதுரமாக்கல்’ எனலாமா?

கோவை அன்பர்:
வேண்டாம் அம்மா. வட்டத்தைச் சதுரமாக்கும், அதாவது வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரம் வரையும், கிரேக்கர் காலத்துச் சிக்கலோடு குழம்பும். கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு அது முடியாது என்பது 1882-இல் ஜெர்மன் கணிதர் லிண்டெமன் நிறுவியதால் உறுதியாயிற்று. ‘சதுர நிரப்பு’ தூய தமிழ், பொருளும் வெளிப்படை.

தஞ்சைப் புலவர்:
வள்ளுவருக்கு நிரப்பு என்றால் வறுமை ஐயா! ‘நெருநலும் கொன்றது போலும் நிரப்பு’ (குறள் 1048). குறையையும் நிறைப்பதையும் ஒரே சொல் சுட்டுவது வியப்பு. நிரம்பு, நிரவு, நிரை, நிரல் எல்லாம் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். இப்போதைக்குச் ‘சதுர நிறைவு’.

யாழ்ப்பாண அன்பர்:
கூட்டி 90 பாகை வரும் கோணங்களுக்கு ‘நிரப்பு’ ஏற்கெனவே போய்விட்டது. வர்க்கத்தை விலக்கினால் வர்க்கமூலத்தை என்ன செய்வது? நீங்கள் ஆரம், நாங்கள் ஆரை. நீங்கள் ஆயத்தொலைவு, நாங்கள் ஆள்கூறு. இரு பக்கமும் வழங்கும் ஒரு சொல்லையும் ஏன் பிரிக்க வேண்டும்? படம் காட்டுங்கள். எக்ஸ்² + 10எக்ஸ் = 39 என்பதை ஒன்பதாம் நூற்றாண்டுக் கணிதர் அல் குவாரிஸ்மி படம் வரைந்தே விளக்கினார். எக்ஸ் பக்கமுள்ள சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் 5 அகலப் பட்டைகள் ஒட்டினால் மூலையில் 25 குறையும். அதை வைத்தால் 39 + 25 = 64, முழுச் சதுரத்தின் பக்கம் 8, எக்ஸ் 3.

மதுரை ஆசிரியை:
இது பிடிக்கிறது. −6எக்ஸ் என்றால் 3 அகலப் பட்டைகள் இரண்டை வெட்டுகிறோம். மூலை இருமுறை கழிந்துவிடும், அதனால் 9-ஐத் திருப்பித் தருகிறோம். அந்த 9-ஐ ‘மூலைச் சதுரம்’ என்கிறேன். முறையின் பெயர் வர்க்கப் பூர்த்தியாகவே இருக்கட்டும், தேர்வுத்தாளில் அதுதானே வரும். பெரும்பாலோர் சரி என்று எழுதிவிட்டார்கள்.

கோவை அன்பர்:
நான் சரி என்று எழுதவில்லை. மூலையில் சதுரம் என்றால், முழுவதற்கு மட்டும் வர்க்கமா? என் குறிப்புகளில் ‘சதுர நிறைவு’ என்றே எழுதுவேன்.