‘வஃபா’: ராஜேஷ் கன்னாவுக்கு இது தேவைதானா?

ரீல்பெட்டி:
2008இல் வந்த ‘வஃபா’வை நேற்றுதான் பார்த்துத் தொலைத்தேன். ராஜேஷ் கன்னா 66ஐ நெருங்கும் வயதில், பல வருடம் கழித்து நாயகனாகத் திரும்பி வந்த காதல் படம். ஜோடி லைலா கான், சொந்த மகளைவிடச் சின்னவர். ‘ஆராதனா’வில் டார்ஜிலிங் ரயிலை ஒட்டி ஜீப்பில் பாடிக்கொண்டு போனாரே, அந்த மனுஷனைப் படுக்கையறைக் காட்சியில் இப்படிப் பார்க்க முடியவில்லை. வசனம், எடிட்டிங் எதிலும் அக்கறை கிடையாது. கதையைக் கேட்டதுமே எழுந்து போயிருக்க வேண்டாமா?

டூரிங் டாக்கீஸ்:
எழுந்து எங்கே போவது அண்ணே? நல்ல கதையோடு யாராவது வாசலில் நின்றார்களா? நம் சின்னப்பா தேவர் 1971இல் ‘ஹாத்தி மேரே சாத்தி’ எடுத்தபோது, யானையோடு நடிப்பதா என்று கௌரவம் பார்க்காமல் நடித்தவர்தான், படம் எப்படி ஓடியது என்று ஊருக்கே தெரியும், அடுத்த வருடமே எம்.ஜி.ஆரை வைத்து ‘நல்ல நேரம்’ என்று தமிழிலும் எடுத்தார்கள். படத்தை மட்டமாக எடுத்தவர்களை விட்டுவிட்டு நடித்தவரைத் திட்டுவது என்ன நியாயம்?

ரீல்பெட்டி:
யானை வேறு, இது வேறு தம்பி. அப்போது அவர் உச்சியில் இருந்தார், எதையும் மறுக்கலாம். சரி, அமிதாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கடனில் மூழ்கியபோது யஷ் சோப்ராவிடம் நேரில் போய் வேலை கேட்டார், 2000இல் ‘மொஹப்பத்தேன்’ வந்தது, கண்டிப்பான கிழவர் வேடம். கன்னாவுக்குக் கடைசிவரை நாயகன் நாற்காலிதான் வேண்டும்.

டூரிங் டாக்கீஸ்:
அதே அமிதாப்தான் 2007இல் ‘நிஷப்த்’தில் மகளின் தோழியைக் காதலித்தார். படம் ஊற்றிக்கொண்டது. அவரை யாரும் இப்படிக் கிழிக்கவில்லையே? கையில் வேறு பத்து படம் இருந்தது, அதனால் தப்பித்தார். இவருக்கு இது ஒன்றுதான், மாட்டிக்கொண்டார். அப்புறம், ‘அவதார்’ 1983இல் வந்ததே, பிள்ளைகள் கைவிட்ட அப்பாவாக நரைத்த தலையோடு நடித்தாரே, அது எந்த நாற்காலி?

கடைசி பெஞ்ச்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். பிரச்சினை வயசே இல்லை. ‘ஆராதனா’வைத் தமிழில் ‘சிவகாமியின் செல்வன்’ என்று செய்த சிவாஜி, 56 வயதில் ‘முதல் மரியாதை’யில் ராதாவோடு நடித்தாரே, யாராவது முகம் சுளித்தோமா? அந்த ஆளின் வயசுதான் அங்கே கதையே. தொடக்கூட இல்லை, ஒரு பார்வை போதும். பாரதிராஜா மாதிரி ஒருவர் இல்லாமல் கன்னா தனியாக என்ன செய்வார்?

ரீல்பெட்டி:
‘அவதார்’ விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் அப்படி நடித்துக் கைதட்டு வாங்கியவருக்கு இதன் தரம் தெரியாதா? அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது. 2012இல் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒட்டிய உடம்போடு ஒரு ஃபேன் விளம்பரத்தில் வந்து ‘ஃபேன்ஸ்’ என்ற சொல்லை வைத்துத் தன்னையே கிண்டலடித்தார் பாருங்கள், ‘வஃபா’ முழுவதும் சேர்த்தாலும் அவ்வளவு நடிப்பு இல்லை.

டூரிங் டாக்கீஸ்:
அந்த விளம்பரத்தை எடுத்தது யார்? இயக்குநர் பால்கி. நான் முதலிலிருந்து இதைத்தானே அண்ணே சொல்கிறேன்!