எஞ்சின் பில்லும் டீம் அரசியலும்: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

சோழவரம்_ரசிகன்

டீவியில் எஃப்1 (ஃபார்முலா 1 கார் பந்தயம்) பார்த்தால் ஓட்டுநர்கள் மோதுவதுதான் தெரியும். 2014-ல் 2.4 லிட்டர் வி8 போய் 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைப்ரிட் (பெட்ரோலோடு மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் எஞ்சின்) வந்ததில் இருந்து பெரிய சண்டையெல்லாம் எஞ்சினை யார் கொடுப்பது, யார் காசு கட்டுவது என்பதில்தான் நடக்கிறது என்பது என் கட்சி. சொந்தமாக எஞ்சின் செய்யாத டீம்களுக்கு அந்த வருடம் எஞ்சின் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு ஆனது. ஒரு சீசனுக்கு 1.5 கோடி முதல் 2 கோடி யூரோ வரை. அதுவும் வாடகைதான், எஞ்சின் சொந்தமாகாது.

வாட்ஸப் கதை வேண்டாம். வேலை செய்தவர்கள், பக்கத்தில் நின்றவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

கிள்ளான்_தம்பி

அண்ணே, நான் மலேசியாவின் செப்பாங் ரேஸ் டிராக்கில் வாலண்டியர் மார்ஷலாக (டிராக் ஓரம் நின்று பாதுகாப்பு பார்ப்பவர்) இருந்தவன். 2016 ரேஸில் எனக்கு முதல் வளைவுப் பக்கம் டியூட்டி. 56 சுற்றில் 40 முடிந்திருந்தது, மெர்சிடிஸ் ஓட்டுநர் ஹாமில்டன் முன்னால் வந்துகொண்டிருந்தார். நேர்பாதை முடிவில் பின்பக்கம் புகை, அதற்குப் பிறகு நெருப்பு. காரை ஓரம் கட்டிவிட்டார்.

ஹைப்ரிட் கார் நின்றால் ஓடிப்போய்த் தொடக் கூடாது. முதலில் இ.ஆர்.எஸ் (காரின் மின்சார அமைப்பு) விளக்கைப் பார்க்க வேண்டும். பச்சை என்றால் கை வைக்கலாம், சிவப்பு என்றால் தள்ளி நில். கையில் மின்சாரம் தாங்கும் தடித்த ரப்பர் கையுறை, அந்த வெயிலில் அதற்குள் வியர்வை குளம் கட்டிவிடும். ஓட்டுநரும் காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் குதித்து இறங்க வேண்டும். இதெல்லாம் பயிற்சியில் அத்தனை தடவை சொல்லிக் கொடுத்தது. அன்றைக்கு எண்ணெய் கருகிய நாற்றம் என் சட்டையை விட்டுப் போகவே இல்லை. அம்மா தனியாகத் துவைத்தார்.

அன்று மாலையே சதிக் கதை கிளம்பிவிட்டது. மெர்சிடிஸ் எஞ்சின் போட்ட எட்டு பேரில் தன்னுடையது மட்டும் ஏன் போகிறது என்று ஹாமில்டனே கேட்டார். சீசன் தொடக்கத்தில் அவருடைய மெக்கானிக்குகள் சிலரை அதே டீமின் இன்னொரு ஓட்டுநர் ரோஸ்பெர்க் பக்கம் மாற்றியிருந்தார்கள், அது வேறு. கடைசியில் ரோஸ்பெர்க் 5 புள்ளியில் சாம்பியன். கூட்டிக் கழித்துப் பார்ப்பவனுக்கு வேறு என்ன தோன்றும்?

ஆனால் நான் நம்பவில்லை லா. அது பெட்ரோனாஸ் பெயரில் நடந்த ரேஸ். மலேசிய அரசின் எண்ணெய்க் கம்பெனி, மெர்சிடிஸ் டீமுக்கு ஸ்பான்சர். எஞ்சினுக்குள் ஓடுவது பெட்ரோனாஸ் எண்ணெய். பார்க்க வந்து உட்கார்ந்திருப்பது பெட்ரோனாஸ் பெரியவர்கள். சதி செய்கிறவன் உலகத்தில் வேறு ஊரே இல்லாமல் இங்கேயா வந்து எஞ்சினைப் புகைய விடுவான்? எஞ்சினுக்குள் பிக் எண்ட் பேரிங் என்ற பாகம் போனது என்று பிறகு சொன்னார்கள். அரசியல் இருந்தது, அது மெக்கானிக்குகளை மாற்றிய விஷயத்தில். பேரிங்குக்கு அரசியல் தெரியாது.

சோழவரம்_ரசிகன்

தம்பி, பெட்ரோனாஸ் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. அது நல்ல கேள்வி. ஆனால் மெர்சிடிஸ் பணக்கார வீடு. இல்லாதவர்கள் கதை யாரிடமாவது இருக்கிறதா?

பான்பரிக்காரன்

இருக்கிறது. நான் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சஸ்பென்ஷனுக்குப் போகும் டைட்டானியம் துண்டுகள் எங்கள் வேலை. இந்தப் பக்கம் பத்து மைலுக்கு ஒரு ரேஸ் டீம், அவர்களை நம்பி எங்களைப் போல நிறைய பட்டறைகள்.

ஒரு சின்ன டீம், பெயர் வேண்டாம். மூன்று மாத பில் நிலுவை. கேட்டால் அக்கவுண்ட்ஸில் ஒரே பதில்: எஞ்சின்காரருக்குக் கட்டிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. எங்களுக்குக் கட்டாவிட்டால் வேறு பட்டறைக்குப் போகலாம். எஞ்சின்காரருக்குக் கட்டாவிட்டால் காருக்குப் பின்பாதியே இருக்காது. அவர்கள் கணக்கு அது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர்களுடைய பர்ச்சேஸ் ஆள் சொந்த வேனில் வந்து நின்றார். விமானத்தில் ஏற்ற வேண்டிய சாமான், இரவுக்குள் வேண்டும். என் முதலாளி பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, பணம் வந்தால்தான் பெட்டி வரும் என்றார். அந்த மனிதர் வெளியே போய் யாரிடமோ பேசினார், திரும்பி வந்து தன்னுடைய சொந்த கிரெடிட் கார்டை நீட்டினார். கம்பெனி கார்டு இல்லை, அவர் பெயர் போட்ட கார்டு. முதலாளி வாங்கித் தேய்த்தார். எனக்கு என்னவோ போல் இருந்தது. அந்தப் பணம் அவருக்குத் திரும்பக் கிடைத்ததா என்று கேட்கிற அளவுக்குப் பழக்கம் இல்லை.

2014 அக்டோபரில் கேட்டர்ஹாம், மருசியா என்ற இரண்டு சின்ன டீம்களும் அடுத்தடுத்து அட்மினிஸ்ட்ரேஷனுக்கு (திவால் நிலை நிர்வாகம்) போனதும், அமெரிக்காவில் ஆஸ்டின் ரேஸில் 18 கார்தான் ஓடியதும் எல்லோருக்கும் தெரியும். மருசியாவின் கடன்காரர் பட்டியலில் முதலிடம் யாருக்கு என்று பாருங்கள். ஃபெராரிக்கு. எஞ்சின் கொடுத்தவர்கள்!

அதே ஃபெராரிதான் 2015-ல், வாடிக்கையாளர் டீம்களுக்கு விற்கும் எஞ்சினுக்கு விலை உச்சவரம்பு வைக்கலாம் என்று பந்தய விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ சொன்னபோது வீட்டோ போட்டுத் தடுத்தது. எங்கள் கேன்டீனில் அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஃபெராரி பக்கம் நின்று யோசித்தால், கோடிகளைக் கொட்டிச் செய்த பொருளுக்கு அடுத்தவன் ஏன் விலை வைக்க வேண்டும் என்பதும் நியாயமாகத்தான் தெரியும். அதற்கான விலையைக் கட்டியவர்கள் நாங்கள், அவ்வளவுதான்.

பணம் இல்லாதவனுக்கு மட்டும் இந்தக் கதி என்றும் நினைக்க வேண்டாம். அதே வருடம் ரெட்புல் டீம், தனக்கு எஞ்சின் கொடுத்த ரெனோவைத் திட்டித் தீர்த்துவிட்டு வேறு எஞ்சின் தேடி அலைந்தது. மெர்சிடிஸ் இல்லை என்றது. ஃபெராரி பழைய எஞ்சின் தருகிறேன் என்றது. ஹோண்டா எஞ்சினில் ஓடிக்கொண்டிருந்த மெக்லாரன் டீம் ஹோண்டாவை விடவில்லை. நான்கு முறை சாம்பியன், கையில் காசு, ஆனால் வாசல் எல்லாம் சாத்திக் கிடந்தது. கடைசியில் திட்டிய ரெனோவிடமே போய், அதன் மேல் டாக் ஹொயர் என்று கடிகாரக் கம்பெனி பெயரை ஒட்டி ஓட்டினார்கள்.

தேக்கா_மணி

நான் சிங்கப்பூரில் படித்தபோது, 2017 ரேஸ் வாரத்தில் பேடக்கில் (டீம்கள் தங்கும் பின்பக்க இடம்) பார்ட் டைம் வேலை பார்த்தேன். தண்ணீர்ப் பெட்டி தூக்குவது, குப்பை எடுப்பது. அந்த வெள்ளிக்கிழமைதான் மெக்லாரன் ஹோண்டாவை விட்டு ரெனோவுக்குப் போவதும், ஹோண்டா, ரெட்புல்லின் தம்பி டீம் டோரோ ரோஸோவுக்குப் போவதும் அறிவித்தார்கள். டோரோ ரோஸோ தன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ரெனோ எஞ்சினை விட்டுக் கொடுக்க வேண்டும், அதோடு சேர்ந்து அவர்கள் ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸ் ரெனோ டீமுக்குப் போனார். எஞ்சின் இடம் மாறினால் ஆளும் மாறுகிறான். சீதனம் மாதிரி.

நான் பார்த்தது சின்ன விஷயம். இரவு வேலை முடிந்து பின்பக்கம் நடந்து வரும்போது ஹோண்டா சட்டை போட்ட இரண்டு ஜப்பான்காரர்களும் மெக்லாரன் சட்டை போட்ட ஒருவரும் ஒரே பெட்டியின் மேல் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் பெரியவர்கள் விவாகரத்து அறிவித்திருந்தார்கள், இவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். சூப்பர்வைசர் பயத்தில் நான் உட்காரவில்லை.

சைன்ஸுக்காக ரெனோவில் இடத்தைப் பறிகொடுத்த பால்மர் அந்த ஞாயிறு ஆறாவது வந்தார். அவர் வாழ்க்கையிலேயே அதுதான் பெரிய முடிவு. சீட்டு போன வாரத்தில்! மெக்லாரன் கை கழுவிய ஹோண்டாவை வைத்துத்தான் 2021-ல் ரெட்புல்லின் வெர்ஸ்டாப்பன் சாம்பியன் ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாண்டி_பாரிஸ்

நான் பாரிஸுக்குத் தெற்கே எஸோன் பக்கம் இருக்கிறேன். வீரி ஷாத்தியோனில் உள்ள ரெனோ எஞ்சின் பட்டறை எங்களுக்குக் கூப்பிடு தூரம். அலோன்ஸோவின் 2005, 2006 பட்டங்களும் வெட்டலின் நான்கு பட்டங்களும் அந்த எஞ்சினில் வந்தவை. 2024-ல், இனி எஃப்1 எஞ்சின் செய்ய மாட்டோம், 2026-ல் இருந்து ரெனோவின் அல்பீன் டீம் கார்கள் மெர்சிடிஸ் எஞ்சினில் ஓடும் என்று முடிவெடுத்தார்கள். அதற்கு முன்பே இத்தாலியின் மொன்சா ரேஸில் அங்கே வேலை செய்பவர்கள் பார்வையாளர் மேடையில் உட்கார்ந்து எதிர்ப்புக் காட்டினார்கள்.

என் மகனோடு பள்ளியில் படிக்கும் பையனின் அப்பா அங்கே டெஸ்ட் பெஞ்சில் (எஞ்சினைக் காரில் போடாமல் ஓட்டிப் பார்க்கும் மேடை) வேலை. அவர் சொன்ன கணக்கு எளிது. 2026 விதிப்படி எஞ்சின் செய்யும் கம்பெனி ஆண்டுக்கு 13 கோடி டாலர் வரை செலவழிக்கலாம். மற்றவரிடம் வாங்கினால் அதில் ஒரு சிறு பங்குதான். மேலே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவருக்கு வேறு முடிவு வராது. அவர் கோபம் அந்த முடிவின் மேல்கூட இல்லை. 2026 எஞ்சின் பெஞ்சில் ஓட ஆரம்பித்திருந்தது, அது எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே நிறுத்திவிட்டார்களே என்றுதான் பொருமினார். நன்றாக வந்திருக்கும் என்று அவர் சத்தியம் செய்கிறார். அவர் அப்படித்தான் சொல்வார், இல்லையா?

பான்பரி அண்ணே, ஒரு சந்தேகம். வாடகை எஞ்சின் என்றால், டீம் மூழ்கும்போது எஞ்சினை யார் வந்து எடுத்துப் போவார்கள்?

பான்பரிக்காரன்

கொடுத்தவர்களே லாரி அனுப்புவார்கள். சீல் கலையாமல் திரும்பிப் போகும். எங்கள் டைட்டானியத் துண்டுகள் ஏலத்துக்குப் போகும். அதை வாங்கி மேசை விளக்கு செய்து விற்கிற ஆட்களும் இங்கே இருக்கிறார்கள்.