கெட்ட வார்த்தை பேசுகிறவர் கெட்டவரா? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

சோமனூர் தறிவீடு:
அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று, ஒரு வார்த்தையைத் தவிர. எந்த வார்த்தை என்று எழுத மாட்டேன். தாயை இழுத்துச் சொல்வது. நாற்பது வருடம் தறி ஓட்டியவர். பாவு அறுந்தாலும் கரண்ட் போனாலும் "சிவசிவா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். என்னை 'அம்மிணி' என்றுதான் அழைப்பார். இப்போது தண்ணீருக்கும் அந்த வார்த்தை, காற்றாடிக்கும் அந்த வார்த்தை.

போன மாதம் பெரியம்மா பார்க்க வந்தார். அப்பா முகம் மலர்ந்து, இடது கையை மட்டும் கும்பிடுவதுபோல் தூக்கி, அதைத் தெளிவாகச் சொன்னார். பெரியம்மா கொண்டுவந்த ஆரஞ்சுப் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார்: "இத்தனை நாளும் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறான் பார்." அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உள்ளே இருந்ததா அது?

தரகர் பேரன்:
எங்கள் அப்புச்சி மாட்டுத் தரகர். சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்கு என்னையும் அழைத்துப் போவார். மாட்டை, வெயிலை, டீக்கடைக்காரரை, என்னை, எல்லோரையும் வைவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் துண்டைப் போட்டு விரல் பிடித்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். விலையை விரல்தானே பேசும்.

ஒருமுறை ஒரு காங்கேயம் காளைக்குப் பேரம். துண்டுக்குள் ஒத்துக்கொண்ட விலையை, பணம் எண்ணும்போது அந்த ஆள் இல்லை என்றார். அப்புச்சி கையை உருவி, துண்டை உதறித் தோளில் போட்டு, "நீங்கள் போய் வாருங்கள்" என்றார். அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. சுற்றி நின்ற தரகர்கள் அத்தனை பேரும் அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு அப்புச்சியிடம் வசவு வாங்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

ஓவர்லாக்:
மேலே எழுதியவருக்கு. வசவு வாயன் மனதில் வஞ்சமில்லாதவன் என்ற கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. உங்கள் அப்புச்சி வைதது உங்களை, அதாவது பேரனை. நீங்கள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். ஏற்றுமதி சரக்கு கிளம்ப வேண்டிய இரவு. தையல் பிசகிய ஒரு பீஸை எங்கள் சூப்பர்வைசர் ஓர் அக்காவின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அவருடைய அம்மாவைச் சேர்த்துச் சொன்னார். அக்கா மிஷினை நிறுத்தவில்லை. கையிலிருந்ததைத் தைத்து முடித்து, நூலைக் கத்தரித்து, அடுத்த பீஸை எடுத்தார். பின்னலில் பஞ்சு ஒட்டியிருந்தது.

வரிசையில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். அந்தச் சூப்பர்வைசர் முதலாளியிடம் ஒரு நாளாவது அப்படிப் பேசியிருப்பாரா? வாயை எங்கே திறக்க வேண்டும், எங்கே மூட வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அதற்குப் பெயர் வெள்ளை மனதா?

கோபிக்காரன்:
சத்தி பஸ்ஸில் ஒருவர் கண்டக்டரைக் கண்டபடி ஏசினார். ஒவ்வொரு வசவின் கடைசியிலும் 'ங்க' இருந்தது. கண்டக்டரும் 'ங்க' போட்டே திருப்பிக் கொடுத்தார். பாக்கிச் சில்லறை நான்கு ரூபாய். வேறு எந்தச் சீமையில் இது நடக்கும்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நான் ஒருமுறை சுத்தியலால் கட்டைவிரலில் அடித்துக்கொண்டு, மருமகள் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டேன். அது கிடக்கட்டும். இங்கே எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறீர்கள், சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. 2009-ல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைப் பனிக்கட்டி நீரில் கை வைக்கச் சொன்னார்கள். கெட்ட வார்த்தை சொன்னபோது அதிக நேரம் தாங்கினார்கள். தினமும் அதிகமாக வைகிறவர்களுக்கு அந்தப் பலன் குறைவு என்று 2011-ல் அதே குழு சொன்னது. ஆகவே சேமித்து வையுங்கள்.

ஓவர்லாக் அவர்களே, அந்தப் பெண்மணி புகார் கொடுத்திருக்கலாம். பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 294(பி). 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 296. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் கெட்ட வார்த்தை எல்லாமே ஆபாசம் ஆகிவிடாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஓர் இணையத் தொடர் வழக்கில் சொல்லியிருக்கிறது. வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 'பாழாய்ப் போக' போன்றவற்றைப் பழகலாம்.

சோமனூர் அம்மிணி, பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே அடி விழுந்தால் யோசித்துச் சொல்லும் சொற்கள் போய்விடும். எண்ணிக்கை, பாட்டு, வசவு போலத் தானாக வருபவை சிலருக்குத் தங்கிவிடும். காதில் விழாத சொல்லா அது? நாற்பது வருடம் தறிக்குடோனில் கேட்டிருப்பார். பேச்சுப் பயிற்சிக்கு உடனே அழைத்துப் போங்கள். தாமதிக்க வேண்டாம். காலையில் நடைப்பயிற்சியும்...

ஓவர்லாக்:
புகார் கொடுத்தால் மறுநாள் வேலை யார் கொடுப்பார்கள் ஐயா? நீங்களா?

சோமனூர் தறிவீடு:
பயிற்சிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம் ஐயா. ஒன்று, இரண்டு என்று கூடவே எண்ணச் சொன்னார்கள். ஆறு வரைக்கும் வந்தார். ஏழில் அது வந்துவிட்டது. டாக்டரும் நீங்கள் சொன்னதையேதான் சொன்னார். அவர் சொன்ன பிறகும் நேற்றுப் பக்கத்து வீட்டார் வந்தபோது, நான் எழுந்து போய் அப்பா படுத்திருந்த அறையின் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போடத் திரும்பும்போது அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மட்டும் அவர் எதுவும் சொல்லவில்லை.