பண்ணையில் கழித்த லேயர் (முட்டைக்) கோழிகளை நாட்டுக்கோழியோடு எப்போ சேர்க்கலாம்?

கரூர்_கொல்லை:
வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு பண்ணையில் 80 வாரம் முடிந்து கறிக்கு ஏற்றவிருந்த வெள்ளை லேயர் 6 உருப்படியை நேற்று மீட்டு வந்தாச்சுங்க. வீட்டில் நாட்டுக்கோழி 14, சேவல் 1, மூணு வாரக் குஞ்சு 9. புதுசுக்குக் கழுத்திலும் முதுகிலும் இறகு இல்லை, அலகு வெட்டியிருக்கு. ஒண்ணு மட்டும் அப்பப்போ தும்முது. நேற்றிலிருந்து ஒண்ணும் தண்ணிக் கிண்ணத்தைத் தொடலை. இப்போ மாட்டுக்கொட்டகையில் தனியா இருக்கு, பழைய கூட்டுக்கு 40 அடி தூரம். பெரிய கோழிகளுக்குப் பிப்ரவரி முகாமில் வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டது. குஞ்சுக்கு எதுவும் போடலை. எத்தனை நாள் பிரிச்சு வைக்கணும்?

மேட்டுக்காடு:
நாள் கணக்கு அப்புறம், முதல்ல தண்ணி. கூண்டில் நிப்பிளில் (அலகால் தட்டினா சொட்டுற குழாய் முனை) குடிச்சே வளர்ந்த கோழிக்குக் கிண்ணம் என்னன்னே தெரியாது. ஒவ்வொண்ணாப் பிடிச்சு அலகு நுனியை மட்டும் தண்ணியில் நனைச்சு விடுங்க, மூக்குத் துவாரம் முங்கக் கூடாது. இன்னைக்கே நாலஞ்சு தடவை செய்யணும். முடிஞ்சா ஒரு கேனில் நிப்பிள் மாட்டித் தொங்க விடுங்க.

வெட்டின அலகால் தரையில் சிதறின சோளத்தைப் பொறுக்க முடியாது. லேயர் மேஷ்னு சொல்ற முட்டைக்கோழித் தூள் தீவனத்தைத் தொட்டியில் ரெண்டு அங்குல ஆழத்துக்குப் போடுங்க, கிளிஞ்சல் தூள் தனியா வைங்க. எலும்பு பலமிழந்து இருக்கும். உயரத்தில் கம்பு கட்டினா குதிக்கும்போது கால் ஒடியும். ஓரடி உயரம் போதும். பண்ணையில் 16 மணி நேரம் வெளிச்சம் பார்த்தது, இங்கே 12 மணிதான். அதனால் முட்டை நின்னு இறகு கொட்டினா நோய்னு பயப்படாதீங்க.

பசுஞ்சோலை:
15 நாள் பார்த்துட்டு சேர்த்துடலாமே? வெள்ளைக்கழிச்சல் இருந்தா அதுக்குள்ள தெரிஞ்சிடும்.

கோழிமருந்து:
வெள்ளைக்கழிச்சலுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனா இங்கே பெரிய ஆபத்து அது இல்லை. பண்ணைக்கோழி ஏகப்பட்ட தடுப்பூசி போட்டுக்கிட்டது. உள்ளே கிருமியைச் சுமந்துக்கிட்டே வெளியே நல்லா இருக்கும். மைக்கோபிளாஸ்மாங்கிற பாக்டீரியாவால் வர்ற சளி ஒரு தடவை வந்தா அந்தக் கோழி ஆயுசுக்கும் பரப்பும். மாரெக்ஸ்ங்கிறது உடம்பில் கட்டி வர வைக்கிற வைரஸ் நோய்; அதுக்கான தடுப்பூசி கட்டியைத்தான் தடுக்கும். வைரஸ் தொத்துறதையும் பரவுறதையும் முழுசா நிறுத்தாது. இறகுத் தூசியில் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த ஊசி குஞ்சு பொரிஞ்ச அன்னைக்குப் போட வேண்டியது. உங்க 9 குஞ்சுக்கும் அந்த நேரம் போயிடுச்சு, அதனால் அதுகளைத்தான் அதிகமாக் காப்பாத்தணும்.

குறைஞ்சது 30 நாள் பிரிச்சு வைங்க. தினமும் தீவனம், தண்ணி வைக்கும்போது முதல்ல குஞ்சு, அடுத்து பழைய கோழி, கடைசியில் புதுசு. இந்த வரிசை மாறவே கூடாது. கொட்டகைக்குத் தனிச் செருப்பு, தனித் தொட்டி, தனி விளக்குமாறு. காற்று கொட்டகையிலிருந்து குஞ்சுப் பக்கம் அடிச்சா குஞ்சை இடம் மாத்துங்க. பிளீச்சிங் தண்ணி தெளிக்கிறதா இருந்தா எச்சத்தைச் சுரண்டிக் கழுவின பிறகுதான். அழுக்கு மேல ஊத்தினா அது வேலை செய்யாது.

குஞ்சுக்கு இப்பவே லசோட்டா (தண்ணியில் கொடுக்கிற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து). 2 மணி நேரம் தண்ணி நிறுத்தி, குளோரின் இல்லாத கிணத்துத் தண்ணியில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பில்லாத பால்பவுடர் கலந்து, அதில் மருந்தைக் கரைச்சு 2 மணி நேரத்துக்குள் குடிச்சு முடிக்கிற அளவு மட்டும் வைங்க. 8 வாரத்தில் அதே நோய்க்கு ஆர்2பி தடுப்பூசி.

ஆபத்து மறுபக்கமும் உண்டு. கூண்டுக்கோழி மண்ணையே மிதிச்சதில்லை; உங்க கொல்லையில் இருக்கிற ரத்தக்கழிச்சலும் குடல்புழுவும் அதுக்குப் புதுசு. எச்சத்தில் ரத்தம் தெரிஞ்சா மருத்துவரிடம் காட்டி ரத்தக்கழிச்சல் மருந்தான ஆம்ப்ரோலியம் 20 சத பவுடர், லிட்டருக்கு 1.2 கிராம், 5 நாள். அந்த நாட்களில் பி காம்ப்ளக்ஸ் டானிக் கொடுக்காதீங்க. ஆம்ப்ரோலியம் தயமினை (வைட்டமின் பி1) ரத்தக்கழிச்சல் கிருமிக்குக் கிடைக்காமத் தடுத்துத்தான் வேலை செய்யுது; டானிக் அதைக் கெடுத்துடும். ஆசனவாய்ச் சுற்றில் இறகைப் பிரிச்சுச் செள்ளு இருக்கான்னும் பாருங்க.

கரூர்_கொல்லை (12ஆம் நாள்):
தண்ணி பழகிடுச்சுங்க, ரொம்ப நன்றி. தும்மினதுக்கு இப்போ கண்ணில் நுரை, ராத்திரி கொர்ர்னு சத்தம். இன்னொண்ணுக்கும் தொடங்கிடுச்சு. முகம் வீங்கலை, நாத்தமும் இல்லை. டைலோசின் (ஆன்டிபயாடிக்) கொடுத்துக் குணமாக்கிச் சேர்க்கலாமா?

கோழிமருந்து:
முகம் வீங்கி நாத்தம் அடிச்சா கொரைசாங்கிற வேற சளி நோயைச் சந்தேகிக்கலாம். நீங்க சொல்றது மைக்கோபிளாஸ்மா மாதிரி இருக்கு. ரத்தப் பரிசோதனை செஞ்சாத்தான் உறுதி. டைலோசின் சத்தத்தை அடக்கும், கிருமியை முழுசா ஒழிக்காது. மருத்துவர் சொல்ற நாள் வரை முட்டையைச் சாப்பிடாதீங்க. ஆறையும் தனிக் கூட்டமாவே நிரந்தரமா வைங்க, நல்லாவே வாழும். ஒண்ணு செத்தா வீட்டில் அறுக்காம, ஐஸில் வெச்சு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்க. திடீர்னு பல கோழி ஒரே நாளில் செத்தா எதையும் தொடாம கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க.

கரூர்_கொல்லை:
அப்படியே தனியா வெச்சுக்கறேங்க. ஒரு சேவலை மட்டும் அங்கே விட்டு, அதுங்க முட்டையை நாட்டுக்கோழிக்கு அடை வைக்கலாமா?

கோழிமருந்து:
வேண்டாம். மைக்கோபிளாஸ்மா முட்டைக்குள்ளேயே குஞ்சுக்குப் போகும். அங்கே விட்ட சேவலையும் திரும்ப இந்தப் பக்கம் கொண்டு வர முடியாது.