கொச்சினியலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்: 'கள்ளிச் செம்பூச்சி' என்பது என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன். கொச்சினியலுக்குத் தமிழ்ச் சொல் என்ன என்ற கேள்வியைத் தொடங்கியவன் நான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் சாய வரலாற்றுக் கட்டுரைகளில் கொச்சினியல் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கள்ளியில் வாழும் ஒரு பூச்சிக்கும் அதிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயத்துக்கும் அதே பெயர்தான். ஓரிடத்தில் அது உயிருள்ள பூச்சி, அடுத்த வரியில் மூட்டை கட்டிக் கப்பலேற்றிய உலர்ந்த சரக்கு, அதற்கடுத்த வரியில் துணியில் ஏறிய சாயம். அப்படியே எழுத்துப்பெயர்த்துப் பார்த்தேன். படித்துப் பார்த்த இரண்டு பேரும் முதலில் கேட்டது, 'இது கொச்சியிலிருந்து வந்த சரக்கா?' என்றுதான்.

> தம்பலப்பூச்சி என்றே வைத்துக்கொள்ளலாமே, அதுவும் சிவப்புதானே. இந்திரகோபம் என்றாலும் சரி.

ஐயா, எனக்கும் அந்தச் சொல் மேல் ஆசை உண்டு. ஆனால் தம்பலப்பூச்சி மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் வெல்வெட் பொட்டு மாதிரி ஊர்ந்து போகிற எட்டுக்கால் உயிர், உண்ணிக்கும் சிலந்திக்கும் உறவு. சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவதும் அதுதான். நாம் பெயர் தேடுவது செதில்பூச்சிக் குடும்பத்து ஆறுகால் பூச்சிக்கு, அரக்குப்பூச்சிக்கும் மாவுப்பூச்சிக்கும் பங்காளி. அதன் பெண்ணுக்கு இறக்கை கிடையாது. கள்ளி மட்டையில் வாயூசியைக் குத்தி உட்கார்ந்துவிட்டால் சாகும்வரை அதே இடம்தான். வெளியே பார்த்தால் சிவப்பே தெரியாது, மேலெல்லாம் வெள்ளை மெழுகுப்பூச்சு.

இதன் உறவுக்காரப் பூச்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம். எங்கள் ஊரில் தோட்டத்து வேலியோரச் சப்பாத்திக்கள்ளியில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாக இருக்கும். சின்ன வயதில் அதை நகத்தால் நசுக்கினால் விரலெல்லாம் ரத்தம் போல ஒரு சிவப்பு, கழுவினாலும் நகக்கண்ணில் சாயங்காலம்வரை நிற்கும். கள்ளிக்கு ரத்தம் வருகிறது என்று சொல்லிக்கொள்வோம். பல வருடம் கழித்து, மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் இந்தச் சாயத்துக்கு 'நோசெஸ்த்லி' என்று பெயர், அதற்குக் கள்ளிப்பழத்தின் ரத்தம் என்று பொருள் என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பூச்சியை மாற்றிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சென்னையே சாட்சி. ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவின் வாஹாகா பகுதியிலிருந்து இந்தச் சரக்கை ஐரோப்பாவுக்கு ஏற்றிக் கொழுத்தார்கள். வெள்ளிக்கு அடுத்தபடியாக அங்கிருந்து போன பெரிய ஏற்றுமதி இதுதான். ஒரு பவுண்டு சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும், அத்தனையும் கையால் சுரண்டி எடுப்பது. அது விதையா புழுவா என்றுகூட வாங்குகிறவர்களுக்கு நிச்சயமில்லாமல் ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டு வரை வாக்குவாதம் நடந்தது. எப்படியாவது அதைத் தன் மண்ணில் வளர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு நாடும் துடித்தது. 1777இல் தியரி தெ மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் வாஹாகா போய் பூச்சியோடு கள்ளி மட்டைகளைக் கடத்தியே வந்துவிட்டார். 1786இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இங்கே புல்லில் ஒரு பூச்சியைக் கண்டு, இதுவும் அந்த இனம்தான் என்று லண்டனில் இருந்த இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அது சாயத்துக்கு உதவவில்லை. ஆனாலும் சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டமே போட்டார்கள். அப்புறம் 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி கொண்டுவந்தார், அதுவும் உயர்ந்த சரக்கு தரும் பூச்சி இல்லை, காட்டு வகை. சாயத்தில் பெரிய லாபம் கிடைக்கவில்லை. பூச்சி மட்டும் பரவி ஒரு வகைக் கள்ளியை அழித்துக்கொண்டே போனது. அதைப் பார்த்துத்தான் கள்ளியை ஒழிக்க இந்த இனப் பூச்சிகளை வேண்டுமென்றே விடும் வழக்கம் வந்தது. 1926இல் தென்னிந்தியாவுக்கு இலங்கை வழியாக வந்த வேறொரு வகை, நம் சப்பாத்திக்கள்ளிக் காடுகளைத் தின்று தீர்த்தது. நான் வேலியோரம் நசுக்கியது அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும்.

இத்தனை குழப்பம் நடந்த ஒரு பூச்சிக்கு இன்னொரு உயிரின் பெயரைத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

> கிரிம்சன், கார்மைன் என்ற சிவப்பு நிறப் பெயர்கள் எல்லாம் 'கிருமி'யிலிருந்து போனவைதானே, 'கிருமியம்' என்றால் வேரோடு வரும்.

வேர் சரிதான். வடமொழிக் கிருமி பாரசீகம், அரபு வழியாகக் கிர்மிஸ் ஆகி ஐரோப்பாவுக்குப் போனது, அங்கே முதலில் அது குறித்தது மத்தியதரைக்கடல் பக்கத்து ஓக் மரத்தில் வாழும் வேறொரு செதில்பூச்சியை. அழகான பயணம். ஆனால் இன்றைக்குத் தமிழில் கிருமி என்றால் நோய்தான். உதட்டுச்சாயத்திலும், ஈ120 என்ற உணவுச் சேர்க்கை எண்ணோடு தயிரிலும் சேர்கிற பொருளுக்குக் கிருமியம் என்று யார் அச்சடிப்பார்கள்? இந்தச் சாயத்தில் நிறம் தருகிற கார்மினிக் அமிலம் என்பதை மட்டும் வேதியியல் பெயர் என்பதால் அப்படியே விட்டுவிடலாம்.

> கள்ளியரக்கு?

அரக்கில் பிசினும் உண்டு சாயமும் உண்டு, இதில் பிசின் கிடையாது. படிப்பவர் முத்திரை வைக்கும் அரக்கை நினைத்துக்கொள்வார்.

ஆகவே என் பரிந்துரை: பூச்சிக்குக் 'கள்ளிச் செம்பூச்சி'. ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்தக் கட்டுரைக்குள் 'செம்பூச்சி' போதும். சரக்கு 'உலர்செம்பூச்சி', சாயம் 'செம்பூச்சிச் சாயம்'. ஸ்பானியர்கள் தரம் பிரித்தது போல 'வளர்ப்புச் செம்பூச்சி', 'காட்டுச் செம்பூச்சி' என்று பிரிக்கவும் வசதி. கள்ளிச்சாயம் என்று சுருக்கலாம் என்று அக்கா எழுதியிருந்தார்கள். மல்பெரிப் பட்டு என்று சொல்வதில்லையா என்ற வாதம் நல்ல வாதம்தான், ஆனால் சைவ உணவுக்காரர் பொட்டலத்தில் கள்ளிச்சாயம் என்று படித்தால் செடிச்சாறு என்று நினைத்து வாங்கிவிடுவார், பூச்சி என்பது பெயரிலேயே இருக்கட்டும். கள்ளி என்பது பால் வடிக்கிற சதுரக்கள்ளி, திருகுகள்ளி இனத்துக்குத்தான் பொருந்தும் என்ற தாவரவியல் மறுப்புக்கும் என் பதில் இதுதான்: அமெரிக்காவிலிருந்து வந்த செடியைப் பார்த்த மாத்திரத்தில் நம் ஆட்கள் சப்பாத்திக்கள்ளி என்று பெயர் வைத்துவிட்டார்கள், அதை இனி யாரும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம்.

எனக்கு இன்னும் தீராத ஒன்று ஓவியர்கள் 'லேக்' என்று சொல்லும் நிறமியின் பெயர். ரெட் லேக் என்பதைச் 'சிவப்பு ஏரி' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்து வருத்தப்பட்டேன். அந்த லேக் நம் பக்கத்து லாக்கிலிருந்து, அதாவது அரக்கிலிருந்து போன சொல். சாயக் கரைசலில் படிகாரமும் காரமும் சேர்த்தால் நிறம் அடியில் படியும், அதை வடித்து உலர்த்தி எண்ணெயில் குழைத்துத் தீட்டுவார்கள். ஆழமான, கண்ணாடி போன்ற சிவப்பு, ஆனால் வெளிச்சத்தில் வெளிறிவிடும். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1883இல் வரைந்த மேடம் கிளாபிசன் ஓவியத்தில் பின்னணி முழுக்கக் குளிர்ந்த நீலச்சாம்பலாகத் தெரிகிறது. ஓவியத்தின் மரச்சட்டத்துக்கு அடியில் வெளிச்சம் படாமல் மறைந்திருந்த ஓரத்தில் மட்டும் கொழுந்துவிட்ட சிவப்பு அப்படியே இருந்தது, சோதித்தபோது அது இந்தச் செம்பூச்சிச் சாயம்தான். அதை எழுதும்போது 'செம்பூச்சி வீழ்படிவு நிறமி' என்று போட்டுப் பார்த்தேன். பொருள் சரியாக இருக்கிறது, ஆனால் ஓவியர் யாரும் தட்டில் குழைத்துக்கொண்டே அப்படிச் சொல்ல மாட்டார். 'படிசாயம்' என்று சுருக்கினால் எப்படி இருக்கும்? குழுவில் வண்ணம் அரைத்துப் பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அந்தப் பத்தியை மட்டும் முடிக்காமல் வைத்திருக்கிறேன்.